களிமண் போதகரும் குரங்கு வாத்தியாரும்

அந்தப் பெயர்களை வைத்தது எந்தக் கல்லூரிப் பையன் என்று தெரியாது. வைத்தவன் நன்றாக இருக்கட்டும், பெயர்கள் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. கடவுள் மண்ணைப் பிசைந்து, மூச்சை ஊதி மனிதனைச் செய்தார் என்று மேடைக்கு மேடை பேசியவர் களிமண் போதகர். அதே மேடைகளில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மனிதனும் குரங்கும் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகள் என்று பேசிய விலங்கியல் ஆசிரியர் குரங்கு வாத்தியார். "குரங்கிலிருந்து வந்தோம்னு நான் சொல்லவே இல்ல, பங்காளின்னுதான் சொல்றேன்" என்று வாத்தியார் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். யார் காதில் விழுந்தது? பெயர் நிலைத்துவிட்டது.

இருவருக்கும் ஊர் ஊராக அழைப்பு வரும். கல்லூரி ஆண்டு விழா, நூலகத் திறப்பு, ஏதோ ஒரு சங்கத்தின் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும் சரி. மனிதன் படைக்கப்பட்டானா, பரிணமித்தானா என்று ஒரு துணியில் எழுதிக் கட்டிவிட்டு இவர்கள் இருவரையும் கூப்பிட்டால் போதும், கூடம் நிறைந்துவிடும். மேடையில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுப்பார்கள். "வாத்தியாரோட தாத்தா மரத்துல தொங்கினாரான்னு எனக்குத் தெரியாது, அது அவரோட குடும்ப விஷயம்" என்பார் போதகர். "அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிசைஞ்சவருக்கு, வலிக்காத முதுகு ஒண்ணு செய்யத் தெரியலையே" என்பார் வாத்தியார். இரண்டுக்கும் கூடம் ஒரே மாதிரிதான் சிரிக்கும். முடிந்ததும் இருவரும் ஒரே காரில் ஏறி ஊர் திரும்புவார்கள். அதைப் பார்க்கிற சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். சண்டை பார்க்க வந்தவர்களுக்குச் சமாதானம் எதற்கு.

கார் வாத்தியாருடையது. போதகருக்கு ஓட்டத் தெரியாது. போகிற வழியில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்சி மாறிப் பேசிப் பார்ப்பார்கள். வாத்தியார் போதகராகி, கடவுள் கட்சிக்காக வாதாடுவார். போதகர் வாத்தியாராகி அதை ஓட்டை ஓட்டையாகத் துளைப்பார். எதிராளியின் பேச்சை அவனைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவன்தான் மேடை ஏற வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட சட்டம். அதற்கு ஒரு துணைச் சட்டமும் இருந்தது. காரில் ஒருவர் கண்டுபிடித்துக் கொடுக்கும் நல்ல கேள்வியை மற்றவர் மேடையில் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வாத்தியார் கைதட்டல் வாங்கிய கேள்விகளில் பாதி போதகர் கொடுத்தவை. போதகர் கைதட்டல் வாங்கிய பதில்களில் பாதிக்கு வாத்தியார்தான் சொந்தக்காரர். இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரிந்திருந்தால் ஜனங்கள் இரண்டு பேரையும் உதைத்திருப்பார்கள்.

வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "இயற்கைத் தேர்வுல நான் ஃபெயில்" என்பார். சாப்பாடு, காய்ச்சல், சும்மா பொழுது போகாத சாயங்காலம் எல்லாமே அவருக்குப் போதகர் வீட்டில்தான். போதகரின் மனைவி அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். அவர்களுடைய ஒரே மகள் மாமா என்றாள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத அந்தப் பெண்ணுக்கு வாத்தியார் வைத்த பெயர் வாலு. "பங்காளிங்க எல்லாருக்கும் உதிர்ந்து போச்சு, இதுக்கு மட்டும் மிச்சம் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பெற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். உலகத்தில் வாத்தியாருக்கு வீடு என்று ஒன்று இருந்ததென்றால், அது போதகரின் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று சின்ன அறைகள்தான். அதைத்தான் மனுஷன் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கூட்டம் வெளியூரில், ஒரு பெரிய கல்லூரியில். மண்டையைப் பிளக்கும் வெயில். காரில் ஏறியதிலிருந்து போதகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"சரி, மாறிக்குவோம். நான் வாத்தியார், நீங்க போதகர்."

"கேளுங்க" என்றார் வாத்தியார்.

"ஒரு குழந்தை பிறக்குது. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உடம்புக்குள்ள மரபணுவுல எழுதி வெச்சதுல ஒரே ஒரு எழுத்து தப்பு. கொஞ்சம் வளர்ந்ததும் கால் தடுக்க ஆரம்பிக்குது. அப்புறம் கை சோர்ந்து போகுது. அப்புறம் மூச்சு. அந்தக் குழந்தையை உங்க ஆண்டவர் தன் கையாலதானே செஞ்சாரு? அப்போ அந்தத் தப்பான எழுத்தை எழுதினதும் அதே கைதானா?"

வாத்தியார் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "பலே. இத்தனை வருஷமா எனக்கு ஏன் இது தோணல?"

"அது இருக்கட்டும். போதகரா பதில் சொல்லுங்க."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, போதகரின் கனத்த குரலை வரவழைத்துக்கொண்டார். "அதுக்கும் ஒரு நோக்கம் இருக்கும் தம்பி. நமக்குத் தெரியலைங்கறதால நோக்கமே இல்லன்னு ஆயிடுமா? மேல இருந்து பாக்கறவருக்கு முழுசும் தெரியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்க கட்சியில சரக்கு அவ்வளவுதானே இருக்கு" என்று வாத்தியார் சிரித்தார். போதகரும் சிரித்தார், அல்லது சிரித்த மாதிரி இருந்தது. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்.

கூடம் நிரம்பி, ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் பையன்கள் தொற்றிக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் அந்தக் கேள்வியைப் பொத்திப் பொத்திக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். போதகர் காரில் கேட்டதைவிட நன்றாகவே கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. அந்தக் குழந்தை எப்படிக் கால் தடுக்கும் என்பதை மேடையில் நடந்தே காட்டினார், ஒரு காலை இழுத்து, கையை அந்தரத்தில் துழாவி. பிறகு மைக்கைப் போதகர் பக்கம் திருப்பி, "அந்த எழுத்தை எழுதின கை யாரோடதுன்னு போதகர் சொல்லட்டும்" என்றார்.

போதகர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எப்போதும் அவர் பக்கத்தில் கைதட்டுகிற கூட்டம், இதோ சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் சொல்லவில்லை. பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். அதற்குப் பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது. போதகர் மைக்கை மெதுவாக அதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது வாத்தியாருக்கு வெற்றி பாதி, குழப்பம் பாதி. "என்ன ஆச்சு உங்களுக்கு? பந்தை நீங்களே எடுத்துக் குடுத்துட்டு, மட்டையைக் கீழ போட்டுட்டு நின்னா எப்படி?"

போதகர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு, "காலையில நான் உங்களுக்குக் கேள்வி குடுக்கல வாத்தியாரே. உங்ககிட்ட பதில் கேட்டேன்" என்றார்.

வாத்தியாருக்குப் புரியவில்லை.

"என் பக்கத்துப் பேச்சு எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. எனக்குத் தோணாத பதில் ஏதாவது உங்களுக்குத் தோணும்னு நெனச்சேன். வாலுவுக்குத்தான் அந்த வியாதி. போன வாரம் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. என்கிட்ட ஒரு தப்பான எழுத்து, அவ அம்மாகிட்ட ஒண்ணு. எங்களை அது ஒண்ணும் செய்யல. ரெண்டும் சேர்ந்து அவகிட்ட போயிருக்கு."

வாத்தியார் காரை ஓரங்கட்டினார். சில மாதங்களாகவே அந்தப் பெண் வாசல்படியில் தடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் இவர்தான், "என்ன, வால் தடுக்குதா?" என்று கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள். அந்த நடையைத்தான் இன்று ஊர் பார்க்க நடந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். அதற்கு விசில் வேறு.

"எனக்குத் தெரியாதே" என்றார். அவருக்கே கேட்காத குரல்.

"தெரியாமத்தான் பண்ணீங்க. எனக்குத் தெரியாதா? காரை எடுங்க, வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் போதகர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாத்தியார் பிழைத்திருப்பார்.

அதன் பிறகு இருவரும் மேடை ஏறவில்லை. அழைப்பு வந்தால், போதகருக்குத் தொண்டை சரியில்லை என்று வாத்தியார் சொல்லிவிடுவார். வாலுவுக்குச் சக்கர நாற்காலி வந்தது. ஜெபக்கூடத்தின் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் வாத்தியாரே ஆளை வைத்துச் சரிவுப் பாதை போட்டுக் கொடுத்தார். சபையார் வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். சில பேர் போகும்போது, வீட்டில் விசுவாசம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று போதகருக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்வதற்கு மனுஷர்களுக்குக் காசா பணமா.

ஒரு நாள் வாத்தியார் அவளை நாற்காலியோடு தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"என்னை வெச்சு ஒரு மேடையில ஜெயிச்சீங்களாமே மாமா?"

வாத்தியாரின் கால் நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

"அம்மா யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தாங்க, காதுல விழுந்துச்சு. நடந்து வேற காட்டினீங்களாம். நல்லா வந்துச்சா?"

"வாலு, மாமா சத்தியமா..."

"அட, நான் கோவிச்சுக்கல. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அப்பாவைப் பாத்துக்குங்க மாமா. அவர் கடவுளோட சண்டையே போட மாட்டேங்குறாரு. என்கிட்ட நல்லா சிரிக்கறாரு. எனக்கு அதான் பயமா இருக்கு."

வாத்தியார் நாற்காலியைத் திருப்பி வீட்டுப் பக்கம் தள்ளினார். அழுதார்தான், பின்னால் நின்று தள்ளுகிறவர் அழுவது முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அடக்கத்தின்போது போதகர் பேசவில்லை. வேறு சபையிலிருந்து வந்த ஒருவர், ஆண்டவர் தம்முடைய பூவைத் தாமே பறித்துக்கொண்டார் என்றார். அப்போது போதகர் தலையைத் தூக்கி, குழிக்கு அந்தப் பக்கம் நின்ற வாத்தியாரைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிற பார்வை. வாத்தியாருக்கு அதை நேருக்கு நேர் வாங்கும் துணிச்சல் இல்லை, குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவும் முகம் இல்லாமல் போயிற்று.

வாத்தியாரைத் தேடிக்கொண்டு போதகரின் மனைவிதான் கல்லூரிக்கு வந்தாள். அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அலமாரி முழுக்கப் புட்டிகள், புட்டிகளுக்குள் வெளுத்துப்போன பாம்புகளும் மீன்களும், மூலையில் கொக்கியில் தொங்கும் ஒரு எலும்புக்கூடு, எங்கும் ஸ்பிரிட் வாடை. அவள் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"இங்கதானா அண்ணா நாள் முழுக்க இருக்கீங்க."

"உக்காரும்மா" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அவர் மேடை ஏறவே மாட்டேங்குறாரு அண்ணா. ஞாயித்துக்கிழமை வந்தா சபையில வேற யாராவது பேசறாங்க. இவரு கடைசி நாற்காலியில உக்காந்து கேக்கறாரு. வீட்டுல ஏதோ மறைவான பாவம் இருக்கும், அதான் பொண்ணு போச்சுன்னு சிலபேர் பேசறாங்க. அதைக்கூட நான் தாங்கிக்குவேன். சாப்பாட்டுக்கு முன்னாடி தலையைக் குனியறாரு, உதடு அசையல. அவர் ஜெபிக்கறதையே விட்டுட்டாரு."

"நான் என்னம்மா செய்ய முடியும்? நான் எந்தக் கட்சின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவர் பேசினதெல்லாம் உங்களுக்குத்தானே மனப்பாடம். அவருக்கு மறந்துபோச்சு அண்ணா. நீங்க வந்து எடுத்துச் சொல்லுங்க."

"நம்பாதவன் சொன்னா எடுபடுமா?"

"நம்பறவங்க எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போயாச்சு. அவருக்கு எதுவும் ஏறல. உங்களைத்தான் கேப்பாரு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு, ஆனா கார் சத்தம் கேட்டா வாசலைப் பாக்கறாரு."

அந்தக் கடைசி வார்த்தை வாத்தியாரை அசைத்துவிட்டது. நண்பரைத் தேற்றப் போகிறேன் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அந்த வீட்டுக்குள் மறுபடியும் நுழைய வேண்டும் என்ற ஆசை. மேடையில் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தன்னையும் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்த வயதான மனுஷன் நம்பினார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் போனார். ஜெபக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். போதகர் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாக இழுத்துப் போட்டார்.

"அவ சொல்லி வந்தீங்களா?"

"ஆமா." பொய் சொல்லத் தோன்றவில்லை. "வாங்க, மாறிக்குவோம். நான் போதகர்."

போதகர் அவரையே பார்த்தார். "அப்போ நான் வாத்தியார். சரி, பேசுங்க."

வாத்தியார் பேசினார். வாழ்நாளில் எந்த மேடையிலும் அவ்வளவு உயிரைக் கொடுத்துப் பேசியதில்லை. அவருக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை, அதை நம்பி வாழ்ந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். நோக்கம் என்றார். குறுகிய வாழ்க்கையும் முழு வாழ்க்கைதான் என்றார். துன்பப்படுகிறவளோடு சேர்ந்து ஆண்டவரும் துன்பப்படுகிறார் என்றார்.

போதகர் விடவில்லை. "நோக்கம் இருந்தா அதை நிறைவேத்த வேற வழியே தெரியலையா அவருக்கு? பொண்ணோட மூச்சை நிறுத்தித்தான் அப்பனுக்குப் பாடம் நடத்தணுமா? எங்க காலேஜ்ல ஒரு வாத்தியார் இப்படிப் பாடம் நடத்தினா போலீஸ் வந்துடும்." ஒரு காலத்தில் இதற்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

வாத்தியார் விடாமல் யோசித்தார். காரில் ஒருநாளும் தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. "தப்பான எழுத்துக்கு மட்டும் ஒரு கை வேணும்கறீங்க. அவ சிரிப்பு? நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னையே கிண்டல் பண்ணினாளே, அந்த வாய்? அதை எழுதின கை எது? திட்டறதுக்கு மட்டும் அவர் வேணும், இதுக்கு வேண்டாமா?"

போதகரின் முகம் கோணிற்று.

"நல்லா சொன்னீங்க" என்றார். "எனக்கு இது தோணல. இப்போ போதும். உங்க இடத்துக்குத் திரும்பி வாங்க. நீங்களா இருந்து ஒண்ணு சொல்லுங்க. அந்த எழுத்தை யாரு எழுதினா?"

இங்கே வாத்தியார் பொய் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அதற்காகத்தான் கெஞ்சி அழைத்திருந்தாள். ஆனால் இத்தனை வருடத்தில் காருக்குள் கட்சி மாறாத நேரத்தில் ஒருவருக்கொருவர் பொய் சொன்னதே இல்லை. அவருக்கு நாக்கு வரவில்லை.

"யாரும் எழுதல. உயிர் உயிரா நகல் எடுத்துக்கிட்டே போறப்ப விழற பிழை அது. எல்லாருக்கும் விழும். எனக்குள்ளயும் எத்தனையோ கிடக்கும். அவளை யாரும் குறி வைக்கல. உங்க மேல யாருக்கும் கோபம் இல்ல. நீங்க எந்தத் தப்பும் பண்ணல, அவ அம்மாவும் பண்ணல. யாருமே பண்ணல."

போதகரின் தோள்கள் கீழே இறங்கின. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அடக்கத்தன்று வராத அழுகை எல்லாம் இப்போது வந்தது. வாத்தியார் அவர் முதுகில் கை வைத்தார். இடையிடையே அவர் சொன்னது கேட்டது. "எவ்வளவு லேசா இருக்கு. எவ்வளவு லேசா இருக்கு வாத்தியாரே."

வாத்தியாருக்கும் கண் நிறைந்தது. அப்பாடா என்றிருந்தது. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, மனுஷனுக்கு மூச்சு வந்துவிட்டது. இனி மெல்ல மெல்ல எல்லாம் சரியாகும், சாயங்காலங்களில் பழையபடி இங்கே வரலாம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டது.

போதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்போ அவ இப்போ எங்க இருக்கா?"

வாத்தியார் கையை எடுத்தார்.

"அவளை யாரும் அனுப்பலன்னா, போறப்ப யாரும் வாங்கிக்கவும் இல்லதானே? சொல்லுங்க. உங்க பக்கத்துல அதுக்கு என்ன பதில்?"

"நம்ம ஞாபகத்துல..."

"ஞாபகம் என் தலைக்குள்ள இருக்கு. நான் செத்தா அதுவும் போயிடும். நான் அவளைக் கேக்கறேன்."

வாத்தியார் வாளியைப் பார்த்தார், அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக உயிர் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வந்த கதை முழுவதும் அவருக்குத் தெரியும். அதில் இந்த ஒரு பெண் எங்கே என்று கேட்டால் கைகாட்ட ஓர் இடம் இல்லை.

"எங்க பக்கத்துல அதுக்குப் பதில் இல்ல" என்றார்.

போதகர் தலையாட்டினார். பதில் தெரிந்தே கேட்ட மாதிரிதான் இருந்தது. எழுந்து துணியை எடுத்துப் பிழிந்தார், மறுபடியும் வைத்தார்.

"அப்போ எனக்குப் பழைய பக்கமே இருக்கட்டும். அவரோட சண்டை போட்டுக்கறேன். ஆயுசு முழுக்கப் போடறேன். ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு தினம் கேக்கறேன். ஆனா அவ ஒரு கையில இருக்கணும். செஞ்சு கெடுத்த கையா இருந்தாலும் சரி, அவ அந்தக் கையில இருக்கணும்." குரல் உடைந்து, பிறகு நேரானது. "வர ஞாயித்துக்கிழமை நானே பேசறேன்னு அவ அம்மாகிட்ட சொல்லிடறேன்."

வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நானும் வரேன். கடைசி வரிசையில சத்தம் போடாம உக்காந்துக்கறேன்."

"வேண்டாம் வாத்தியாரே."

"ஏன், சபையார் ஏதாவது சொல்லுவாங்களா?"

"அவங்க கிடக்கட்டும். நீங்க இனிமே இங்க வர வேண்டாம். வீட்டுக்கும்தான்."

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு மேடையில நான் பண்ணினதுக்கா?"

"இல்ல, அதை எப்பவோ விட்டுட்டேன். கோபமா இருந்தா ஒரு நாள் ஆறிடும், நானே உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். இது அது இல்ல. இப்ப நீங்க யாரும் பண்ணலன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போச்சு. அப்படியே அந்தப் பக்கம் சாஞ்சுடலாம்னு இருந்துச்சு. உங்க முகத்தைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஒரு நாள் சாஞ்சுடுவேன். அப்புறம் என் பொண்ணை நான் எங்க போய்த் தேடறது?"

"கொஞ்ச நாளைக்கா?" என்று கேட்டார் வாத்தியார். குழந்தை கேட்பது போல இருந்தது, அவருக்கே தெரிந்தது.

"நாள் சொல்ல முடியல" என்றார் போதகர். வாத்தியாரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் ஈரக் கைகளுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டு, அடுத்த நாற்காலியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

வாத்தியார் பின்பக்கமாக வெளியே வந்தார். வீட்டு வாசலில் போதகரின் மனைவி இரண்டு டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் தைரியம் இல்லாமல் வெகுநேரமாக அங்கேயே நின்றிருக்க வேண்டும், டீயில் ஆடை படிந்திருந்தது.

"என்ன சொன்னாரு அண்ணா?"

"ஞாயித்துக்கிழமை அவரே பேசறாராம்."

அவள் டம்ளர்களைத் திண்டில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "எனக்குத் தெரியும். நீங்க வந்தா சரியாயிடும்னு எனக்குத் தெரியும். இனிமே பழையபடி வந்துடுங்க அண்ணா. நீங்களும் வராம வீடு வீடாவே இல்ல. ஞாயித்துக்கிழமை மதியம் இங்கதான் சாப்பாடு, சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றார் வாத்தியார்.

அவள் டீயைச் சூடு பண்ணித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லி, ஆறிப்போன அந்த டீயை நின்றபடியே குடித்து முடித்து, டம்ளரை அவள் கையில் கொடுத்தார்.